பேணாட்டின் கழுத்து

பிரஷர் பார்க்கும் கருவி நூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது. பேணாட் கையில் சுற்றியிருந்த பட்டியை அவசரமாக உரித்தெடுத்தார்.

"எத்தினை?" குசினிக்குள்ளிருந்து மனைவி அருள்மலர் கேட்டாள்.

"நூற்றி முப்பது."

திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக இழுவைப் படகு ஓட்டுகிறவர். மலை போன்ற கப்பல் முன்னால் வந்தாலும் பதறமாட்டார். ஆனால் இன்று ஒரே மகள் றஜிதாவுக்குக் கலியாணம். ஆறு வருடமாக இருக்கிற பிரஷர் கோயிலுக்குள் தன்னை விழுத்தி, பிள்ளையின் நாளைக் கெடுத்துவிடுமோ என்று பயம். காலைக் குளிசை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் இன்னொன்றையும் விழுங்கினார்.

ஒரு மணித்தியாலத்தில் கதிரையைவிட்டு எழும்பினார். வீடு சுற்றியது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை, பசி."

அவள் தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் பிரஷருக்கு உப்பு ஆகாது என்பது ஞாபகம் வந்தது. நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது.

அடுத்தது சேட். மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்தது; கழுத்து அதற்குப் பிறகும் வளர்ந்திருந்தது.

"மேல் பொத்தான் பூட்டேலாது, அருள்."

"பூட்டாமல் டை கட்டினா சம்பந்தி வீட்டார் என்ன கதைப்பினம்?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினாள். "மூச்சு விடேலுதோ?"

"கொஞ்சம்."

"அது காணும்."

கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினார். கண் இருண்டது. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவெடுத்தார்.

கோயிலில் மகளைக் கைபிடித்து, கொடிமரம் நடப்பதுபோல் நடந்தார். "அங்கிள், இஞ்சாலை பாருங்கோ" என்று படம் எடுப்பவர் கேட்டபோது, காலிலிருந்து தலைவரை முழு ஆளாகத் திரும்பினார். சிரிப்புக் கேட்டது. பரவாயில்லை, விழவில்லை.

போதகர் புத்தகத்தை விரித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல எவராவது இருந்தால், இப்போதே சொல்லட்டும்."

தன் மகளின் கலியாணத்துக்குத் தடை சொல்ல எவனுக்குத் துணிவு? பேணாட்டுக்குக் கோபம் பொங்கியது. எல்லாம் மறந்து, வாங்குகளில் இருந்தவர்களை முறைத்துப் பார்க்கக் கழுத்தை வெடுக்கென்று திருப்பினார்.

"ஆ..." என்று ஒரு சத்தம். தடாலென்று விழுந்தார்.

"தகப்பனுக்கே விருப்பமில்லையாம்!" பின் வாங்கில் இருந்த ஒருவர் சொல்ல, கதை முன் வாங்குவரை ஓடியது. மாப்பிள்ளை றொமேஷ் விறைத்துப்போய் நின்றான்.

அவனுடைய சித்தி, டொக்டர் சோபனா, ஓடிவந்து டையை இழுத்தெறிந்து, பொத்தானைக் கழற்றி, அவருடைய கால்களைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பேணாட் கண் திறந்தார். முன்னால் றஜிதா அழுதுகொண்டிருந்தாள்.

"விருப்பமில்லையெண்டா முதலே சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"ஐயோ பிள்ளை, எனக்கு முழுச் சம்மதம்!"

"கழுத்தில பிரஷரைப் பாத்துக்கொண்டிருக்கிற நரம்பு இருக்கு" என்றார் டொக்டர். "நீங்கள் திரும்ப, கொலர் அதை நெரிச்சிட்டுது. பிரஷர் ஏறிட்டுதெண்டு நினைச்சு, அது இதயத்தை மெதுவாக்கிப் போட்டுது. காலமை எத்தினை குளிசை போட்டனீங்கள்?"

"ரெண்டு."

"ரெண்டோ!" என்றாள் அருள்மலர்.

"கனகாலம் பிரஷர் இருந்தா அந்த நரம்பு உயர்ந்த அளவுக்கே பழகிப்போகும். சடாரெண்டு இறக்கினா உடம்பு தடுமாறும். இப்ப நாடி நல்லாயிருக்கு, பயமில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, இதயத்தையும் ஒருக்காப் பாப்பம்."

கோயிலே பெருமூச்சு விட்டது. றஜிதா கண்ணீரோடு சிரித்தாள். பேணாட்டுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் தானே குழப்பிவிட்டதாக நொந்துகொண்டு, சடங்கு தொடரட்டும் என்று கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

மாப்பிள்ளைத் தோழன் சசிகரன் குனிந்து, அவர் தோளை மெல்லக் கீழே அமுக்கினான்.

"அங்கிள், கும்பிட்டுக் கேக்கிறன், இன்னும் ஒரு பத்து நிமிசம் மயங்கிக் கிடவுங்கோ. மோதிரத்தை ஓர்ஸ் ஹில் வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."