ஆப்லோ கிராணியும் கேட்டில் பிடிபட்ட நோட்டும்

பேசுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத பாஷையை உயிரைக் கொடுத்துப் படித்தவர் அன்றைய மலாயாவில் ஒருவர்தான். அடித்துச் சொல்வேன். அவர் செர்காம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் அதே ஆபீசில் சின்னக் கிராணி. தோட்டமே அவரை ‘ஆப்லோ கிராணி’ என்றது.

மலாக்கா கடைத்தெருவில் பழைய புத்தகக் குவியலிலிருந்து அட்டையில்லாத ஸ்பானிஷ் இலக்கணம் ஒன்று அவர் கையில் சிக்கியது. அன்றோடு போச்சு. ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா’ என்று நாள் முழுக்க முணுமுணுப்பு. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான் என்று அர்த்தமாம்.

“எந்த ஸ்பெயின்காரன்கிட்ட பேசப் போறீங்க ஐயா?” என்றேன்.

“ஆளு எதுக்கு லா? ‘நான்’ போடாம ‘வந்தேன்’னு சொன்னாலே நான்தான்னு தெரியுதில்ல? அவங்களுக்கும் அப்படித்தான். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு நம்ம புத்தி எப்படிய்யா வந்துச்சு?”

 

தனியாகப் படித்தால் மறந்துபோகிறதென்று, காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது ஆளுக்கொரு வரி சொல்ல வைத்தார். சொன்னால்தான் பேர் போடுவார். பாலெடுக்க மரம் வெட்டப் போகும் பெண்கள் வாளியும் கையுமாக நின்று, ‘பேசுகிறோம்’ என்பதற்கு ‘ஆப்லாமோஸ்’ என்றார்கள்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று கேட்டில் மடியைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் அந்தச் சோதனையில் கிராணியின் சட்டைக்குள்ளிருந்து நோட்டு விழுந்தது. உள்ளே கட்டம் கட்டமாக, யாருக்கும் புரியாத சொற்கள். அன்றைக்கென்று பார்த்து இன்ஸ்பெக்டரே வந்திருந்தார்.

“இது காட்டுக்குப் போற ரகசிய எழுத்துதானே?” என்றார் பாதி மலாயும் பாதி தமிழுமாக.

அந்தச் சந்தேகம் விழுந்தால் நேரே தடுப்பு முகாம், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்.  ஸ்பானிஷ் என்று சொல்ல வந்த கிராணி, ‘ஆப்லோ, ஆப்லோ’ என்று குழறினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, “தோட்டத்துல எல்லாருக்கும் இது தெரியும், துவான்” என்று உளறினேன்.

“எல்லாருக்குமா?” என்றவர் துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டைச் சாத்தச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகக் காவல் கொட்டகைக்குள் அழைத்து, நோட்டிலிருந்து படித்துக் காட்டி, இது என்னவென்று விசாரித்தார்.

“பால் நல்லா இறங்கச் சொல்ற மந்திரம், துவான்” என்றார் பால் வெட்டும் மாரியாயி அக்கா.

“அது காய்ச்சல் மருந்துங்க பேரு” என்றார் அஞ்சலை.

“கிராணி தொரைய வையிறாருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றார் கங்காணி.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார், அவ்வளவு சிரிப்பு. சதிக்காரர்களாக இருந்தால் ஒரே பொய்யைப் பேசி வைத்திருப்பார்களாம். ஆளை விட்டார், நோட்டை விடவில்லை.

பயத்தில் கிராணி புத்தகத்தையும் அடுப்பில் போட்டார். பெரட்டில் பெயரை மட்டும் கூப்பிட்டார். சோறும் சரியாக இறங்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பெண்களிடம் ஞாபகமிருந்த ஸ்பானிஷை வரிவரியாகக் கேட்டு, ஒரு புது நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி அவர் மேஜையில் வைத்தேன். முக்கால்வாசி தப்பு.

நான் எழுதும் கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கிழித்துப் போடுகிற மனிதர். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார்.

சாகும்வரை அந்தத் தப்பு ஸ்பானிஷைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.