‘ஓ’ யார், சித்தி?

கர்ஷியாகா, இஸ்மீர்
மே 9, வெள்ளி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பெல்கிஸ் சித்தி அவர்களுக்கு,

உங்கள் அக்கா நெசஹத்தின் மகன் கொர்ஹான் எழுதுவது. நான் நலம். நீங்களும் எழுதுவதற்காகப் போயிருக்கும் அந்தத் தீவில் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். போனை அணைத்து வைத்திருப்பவரைப் பற்றி வேறெதையும் உறுதியாகச் சொல்ல வழியில்லை. அம்மா சலாம் சொல்லவில்லை. ‘சொல்லட்டுமா’ என்று நானே கேட்டேன், கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா சொன்னார், ஆனால் அம்மா காதில் விழாத அளவுக்கு மெல்லச் சொன்னார், ஆகவே அதை நீங்களும் மெல்லப் பெற்றுக்கொள்ளவும். மரியாதை வாசகங்கள் இத்துடன் முடிந்தன.

உங்கள் ஆறாவது நாவலால் என் கல்யாணம் நின்றுபோய் இருக்கிறது. நின்றுவிட்டது என்று எழுதவில்லை, நின்றுபோய் இருக்கிறது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நிற்குமே, அந்த மாதிரி. நான் லிஃப்ட் பொறியாளன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

உங்கள் புத்தகங்களால் நம் குடும்பம் அடிபடுவது புதிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தோரு வயதுவரை மருந்துக்கடையில் இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நீங்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் தரும் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் முதல் நாவலை எழுதி முடித்தபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். படித்த பிறகு பெரியப்பா பெருநாளுக்கு நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார், ஏனென்றால் அதில் வரும் கணவன் கால்பந்து பார்த்துக்கொண்டே மூக்குமுடி பிடுங்குகிறான். மூன்றாவது நாவலுக்கு விருது கொடுத்தார்கள். ‘இந்த விருது என் அக்காவின் சமையலறைக்கு’ என்று மேடையில் சொன்னீர்கள். ஊரே உருகியது, அம்மா மட்டும் ‘என் சமையலறைக்கு என்ன குறைச்சல்னு இவ இப்படி மேடையில சொல்றா’ என்று ஒரு வாரம் அடுப்பைத் தேய்த்தாள். நான்காவதில் சூப்புக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் குடிக்கும் அக்கா மகன் ஒருவன் வருகிறான். கல்லூரியில் நான்கு வருடம் என்னை ‘தெர்மாமீட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இலக்கியம், போகட்டும் என்று விட்டேன். ஆனால் இந்த ‘ஷட்டருக்கு வெளியே’ நாவல் இருக்கிறதே, இதைப் பொறுக்க முடியாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு மருந்துக்கடைக்காரி, அவள் மனதைப் பறித்துக்கொண்ட ஒரு ‘ஓ’. பெயர் கிடையாது, வயது கிடையாது, தொழில் கிடையாது. நம் துருக்கிய மொழியில் அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் ஒரே ‘ஓ’ இருக்கிறது என்பதற்காக, முழுப் புத்தகத்தையும் அந்த ஓரெழுத்தில் ஓட்டிவிடுவதா? எங்கள் துறையில் ஒவ்வொரு கம்பிக்கும் எண் ஒட்டவேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் முந்நூறு கம்பி விட்டு எல்லாவற்றிலும் ‘இது’ என்று எழுதி வைத்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கோ பத்திரிகையில் அரைப்பக்கம் பாராட்டு வருகிறது.

அம்மா போன வாரம் எண்பத்தெட்டாம் பக்கம் வந்தாள். ‘மழை நாளில் ஓவின் மீசையில் தங்கிய துளிகளைப் பார்த்துக்கொண்டே மருந்துச்சீட்டைத் தப்பாகப் படித்தேன்.’ அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே அப்பா மீசையில் தேநீர் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, பதினஞ்சு வருஷமா தினம் காலையில ஒம்போது மணிக்கு அவ கடைக்குப் போனீங்களே, எதுக்கு?”

“பிரஷர் பாக்கத்தான்.”

“தினமுமா?”

“தினமும்தான் ஏறிச்சு. உன்கூட இருக்கேன்ல.”

இந்தப் பதிலை அப்பா சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு அம்மா நின்றுகொண்டே படித்தாள். நூற்று நாற்பத்தொன்றில் சோபாவில் அப்படியே சரிந்தாள். நான் மயக்கம் தெளியக் கொலோன் வாசனைத் தண்ணீரை அவள் கையில் ஊற்றித் தேய்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ‘ஓவின் பல் பட்ட தடம் என் சுட்டுவிரலில் ஒரு வாரம் இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை.’ சித்தி, நீங்கள்! எனக்குத் தடுப்பூசி போட்டு, அழாமல் இருந்ததற்கு மிட்டாய் கொடுத்த அதே விரல்!

“அவ விரலைக் கடிச்சீங்களா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“நெசஹத், என் பல்லு பத்து வருஷமா ராத்திரி டம்ளர்லயும் பகல்ல சட்டைப் பையிலயும் இருக்கு. நான் ரொட்டியையே நனைச்சுத்தான் திங்கறேன்.”

“அப்ப பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கடிச்சிருக்கீங்க.”

அப்பா இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க ஆரம்பித்தார். வாதத்தால் தீராது என்று தெரிந்ததால் நான் முறைப்படி சோதித்தேன். ‘ஓ’வைப் பற்றி நாவலில் வரும் கூற்றுகளைப் பிரித்து எழுதினேன், மொத்தம் நாற்பத்தேழு. அப்பாவோடு ஒப்பிட்டதில் முப்பத்தொன்று பொருந்துகிறது. கேட்காமல் உள்ளே வருவது, நன்றி சொல்லாமல் போவது, வெயில் விழும் நாற்காலியில் தூங்குவது, தூக்கத்தில் உறுமுவது, மத்தி மீன் வாசத்துக்குத் தெருமுனையிலேயே திரும்பிப் பார்ப்பது எல்லாம் அச்சு அசல் அப்பா. பொருந்தாத பதினாறில் ‘ஒரே தாவலில் கவுண்ட்டர் மேல் ஏறி என் கணக்கு நோட்டின் மீது சாய்ந்தபோது’ என்று ஒன்று. அப்பாவின் முட்டிக்கு இது நடக்காது. இதை உவமை என்று ஒதுக்கிவிட்டேன். இருநூற்று மூன்றாம் பக்கத்தை ஒதுக்க முடியவில்லை: ‘ஓவுக்கு வேறு வீடுகளும் உண்டு என்று எனக்குத் தெரியும். அங்கே எந்தப் பெயரில் அழைத்தாலும், காலை ஒன்பதுக்கு என் ஷட்டருக்கு முன்னால்தான்.’ அம்மா இதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டுச் சொன்னாள்: “வேறு வீடாம். நான்தான் அந்த வேறு வீடு!”

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் யோன்ஜாவைப் பெண் கேட்கப் போனோம். தள்ளிப்போடலாம் என்றேன். “ஊர் என்ன சொல்லும், நட” என்றாள் அம்மா. பூச்செண்டு, வெள்ளிக் கிண்ணத்தில் சாக்லேட், எனக்கு இறுக்கமான சூட், அப்பாவுக்கு வாயில் பல். யோன்ஜாவின் அப்பாவை உங்களுக்குத் தெரியும், ருக்னெத்தின் என்று பெயர், நான் மாமா என்பேன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உங்கள் கடைக்கு எதிர்வரிசையில் வீடு, மீசை அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. அவருடைய மனைவி குல்தென் அத்தை எங்களைக் கும்பிடாத குறையாக வரவேற்றார், ஆனால் கணவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அத்தையின் முகத்தில் விளக்கு அணைந்தது. நான் கவனித்தேன். கவனித்தும் அது எந்தக் கம்பி என்று புரியவில்லை.

யோன்ஜா காபி கொண்டுவந்தாள். வழக்கப்படி மாப்பிள்ளைக் கோப்பையில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போடுவாள், முகம் சுளிக்காமல் குடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இவள் உப்போடு மிளகையும் போட்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முறைப்படி ஆரம்பித்தார்: “அல்லாஹ்வின் கட்டளைப்படியும் நபிகளின் வாக்குப்படியும், உங்க மக யோன்ஜாவை எங்க மகன் கொர்ஹானுக்கு...”

“ஒரு நிமிஷம்” என்றார் குல்தென் அத்தை. “அந்த நாவல் எழுதறவங்க உங்க கொழுந்தியாதானே?”

சொல்லிக்கொண்டே மெத்தைக்கு அடியிலிருந்து ‘ஷட்டருக்கு வெளியே’யை உருவினார். உள்ளே பத்துப் பதினைந்து சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“எங்க வீட்டு மனுசன் தினம் காலையில கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போவாரு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்த மீசை யாரோடதுன்னு உங்க கொழுந்தியாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, அப்புறம் பொண்ணு கேக்கலாம்.”

எல்லோரும் ருக்னெத்தின் மாமாவைப் பார்த்தோம். மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு பெருமூச்சு விட்டு, “அதெல்லாம் பழைய விஷயம், குல்தென்” என்றார். நான் அதிர்ந்து ஒரு வாய் மிளகுக் காபியை விழுங்கிவிட்டேன். அதைவிட அதிர்ச்சி அம்மா. ஒரு வாரமாக அப்பாவைக் கொலைகாரனைப் போலப் பார்த்தவள் விருட்டென்று எழுந்தாள்.

“என்ன பழைய விஷயம்? இதென்ன வேடிக்கையா இருக்கு! அது எங்க ஜெலால், எங்க வீட்டுக்காரரு!”

“உங்க வீட்டுக்காரரா? நெசஹத் அக்கா, தப்பா நினைக்காதீங்க, அவரைப் பார்த்தா முந்நூறு பக்கம் எழுதவைக்கிற ஆள் மாதிரியா தெரியுது?”

“ஏன், உங்க ஆளுக்கு மட்டும் என்ன, கண்ணுல சொட்டு மருந்து விட்டா காதல் வந்துருமா? எங்க ஜெலாலுக்குத் தூக்கத்துல உறுமல் இருக்கு! கேட்டுப் பாருங்க!”

“எங்களுக்கும் இருக்கு!”

“மத்தி மீன்?”

“வாரம் மூணு நாள்!”

இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் படித்து மோதினார்கள். இரண்டு மீசைக்காரர்களும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யோன்ஜா தட்டோடு நடுவில் நின்றாள். நான் உப்பும் மிளகும் கலந்த காபியைக் கடைசிச் சொட்டுவரை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தேன், சித்தி. ஒருவரும் பார்க்கவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அப்பாவின் வாக்கியம் முடியவில்லை. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ‘யோன்ஜாவைக் கொர்ஹானுக்கு’ வரை வந்தது, ‘கேட்கிறோம்’ வரவில்லை. ஆகவே பெண்ணை யாரும் கேட்கவே இல்லை என்று ருக்னெத்தின் மாமா பத்திரப்பதிவுக்காரராகவே பேசுகிறார். கேட்காத பெண்ணைக் கொடுக்க முடியாதாம். காபி குடித்தாயிற்றே என்றேன். சாட்சி உண்டா என்றார். ஜூன் பதினான்குக்கு மண்டபம் பதிவாகி இருக்கிறது. யோன்ஜா நேற்று போனில் சுருக்கமாகச் சொன்னாள்: “ரெண்டு அம்மாவும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. அந்த ‘ஓ’ யாருன்னு உங்க சித்திகிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா மண்டபத்துல நீ மட்டும் போய் உக்காந்துக்க.”

ஆகையால் உங்கள் பதிப்பகத்துக்குப் போன் செய்து ‘ஓ யார்’ என்று கேட்டேன், தெரியாது என்றார்கள்; உங்கள் முகவரியையாவது கொடுங்கள் என்றேன். கொடுக்க மாட்டோம் என்றார்கள், லிஃப்ட் பாதுகாப்புச் சோதனை என்று சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். ‘ஓ என்பவர் ஜெலாலும் அல்ல, ருக்னெத்தினும் அல்ல’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். யாரென்று சொல்ல விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை, யார் இல்லை என்று சொல்லுங்கள். ‘வாசகரின் கற்பனைக்கு’ என்ற பதில் ஏற்கப்படாது. எங்கள் வீட்டு வாசகரின் கற்பனை எதுவரை போகும் என்று மேலே பார்த்தீர்கள். உவமை வேண்டாம். மழை வேண்டாம். ஒரு வரி போதும். உங்கள் வாழ்நாளில் சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு வரி, அக்கா மகனுக்காக.

உங்கள் கைகளை முத்தமிட்டு என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன், கோபத்தோடுதான் என்றாலும். இறைவன் உங்கள் பேனாவுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் ஓய்வையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் பெண் கேட்கப்படாத
கொர்ஹான்

பின்குறிப்பு: மே 14, புதன். வேலை நெருக்கடியில் இதைத் தபாலில் சேர்க்க ஐந்து நாள் தாமதமானது. அதற்குள் பதிப்பகத்தார் என் கேள்வியை எப்படியோ உங்களுக்கு எட்டச்செய்து, உங்கள் தபால் அட்டை இன்று வந்து சேர்ந்தது. ‘கொர்ஹான், ஓ ஒரு பூனை. இனி என்னை எழுத விடு.’

பூனை!

சித்தி, மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த ஐந்து நாளில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ருக்னெத்தின் மாமா மீசைக்குச் சாயம் பூசியிருக்கிறார். குற்ற உணர்ச்சியில் காலைத் தேநீரை அவரே போட்டுக் குல்தென் அத்தையின் கட்டிலுக்குக் கொண்டுபோகிறாராம். முப்பத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று அத்தை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லியாயிற்று. அம்மா அப்பாவுக்கு இரண்டு புதுச் சட்டை வாங்கியிருக்கிறாள்; தங்கச்சியே கண் வைத்த மனிதனை நாம் சரியாகக் கவனிக்காமல் விட்டோமே என்று அவரைப் பல்லோடுதான் வெளியே அனுப்புகிறாள். இரண்டு அம்மாக்களும் நேற்று போனில் பேசி, ‘ரெண்டு பேரா இருந்தாலும் இருக்கலாம், நாவல்தானே’ என்று சமாதானமாகிவிட்டார்கள். வரும் ஞாயிறு மறுபடி பெண் கேட்கப் போகிறோம். யோன்ஜாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பத்து நிமிடம் சிரித்துவிட்டு, “வாயைத் திறந்தே, அவ்வளவுதான்” என்றாள். உங்கள் அட்டையை நாங்கள் இருவரும் கிழித்துவிட்டோம். தொலைக்காட்சிக்காரர்கள் ‘ஓ யார்’ என்று கேட்டால், தயவுசெய்து கண்ணை மூடிப் பெருமூச்சு விடுங்கள்.

இன்னொன்று. இன்று காலை அப்பா என்னைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, “உன் சித்திக்கு எழுதும்போது ஒண்ணு சொல்லு. பாவம், எத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வச்சிருந்தாளோ. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு” என்றார். அந்த மன்னிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள், நன்றி என்று இன்னொரு வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.