மஸ்கட்டில் இல்லாத மகனின் ஓட்டு

மேலகரம்

கர்த்தருக்குள் பிரியமான மகன் கிங்ஸ்லிக்கு,

அப்பா காமராஜ் எழுதுவது. நானும் உன் அம்மா சுகிர்தமும் சுகம். ஜெயிலில் இருப்பவனிடம் சுகமா என்று கேட்பது முறையில்லை; ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று இங்கே தேர்தல் முடிந்தது. உனக்கு ஓட்டுக் கிடையாது என்று வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். ஐந்தருவிப் பக்கம் கடை போடும் தகராறில் நீ ஒருத்தன் மண்டையை உடைத்ததாகக் கேஸ். விசாரணையே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் ஓட்டுப் போயிற்று. "உள்ள இருந்துக்கிட்டே எலெக்‌ஷன்ல நிக்கலாம், ஓட்டுத்தான் போட முடியாது" என்றார். மணையில் மாப்பிள்ளையாக உட்காரலாம், பந்தியில் சாப்பிடக் கூடாது என்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை. மனசு ஆறவேயில்லை.

நீ மஸ்கட்டில் இருப்பதாகத் தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறோம், அது உனக்குத் தெரியும். அம்மா தென்காசியில் செண்டு பாட்டிலும் பேரீச்சம்பழமும் வாங்கி, நீ அனுப்பியதாக வீட்டுக்கு வீடு கொடுத்தாள். பூத் சிலிப் கொண்டுவந்த கட்சிக்காரர் விஜயசங்கர், "கிங்ஸ்லி மஸ்கட்லதானே அண்ணாச்சி? கவலப்படாதீய, அவன் ஓட்ட வீணாக்க மாட்டோம்" என்று சொல்லி, உன் சிலிப்பை மட்டும் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய், பூத் வாசலில் வயசானவங்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில உக்காந்துட்டேன். உன்னைப் போடவிடாத ஓட்டை வேற எவனும் போட்டுரக் கூடாதுல்லா? அம்மா வந்து ஓட்டுப் போட்டுட்டு, சாப்பிட வாங்கன்னா. போகலை. போலீஸ்காரர், ஐயாவுக்கு என்ன வேணும்ன்னாரு. நிழல் நல்லாருக்குன்னேன். சாயங்காலம் உள்ள ஆபீசர் சத்தமா வாசிச்சாரு: "கிங்ஸ்லி, தகப்பன் பேர் காமராஜ்." எட்டிப் பாத்தா மீசை நரைச்ச ஒருத்தன் நிக்கான், எனக்கே அண்ணன் மாதிரி. ஓடிப்போய், "சார், இது என் மகன் இல்ல"ன்னேன். ஏஜென்டா இருந்த விஜயசங்கர், "சும்மா இருங்க அண்ணாச்சி, உங்க மகன்தான் மஸ்கட்ல இருக்கானே"ன்னாரு. வரிசையில நம்ம தெருக்காரங்க அத்தனை பேரும் நிக்காங்க, பேரீச்சம்பழம் தின்னவங்க. "மஸ்கட்ல இல்லய்யா, ஜெயில்ல இருக்கான்! அவன் ஓட்ட ஒருத்தனும் தொடக்கூடாது!"ன்னு கத்திட்டேன்.

மீசைக்காரன் நழுவிட்டான். உன் ஓட்டை யாரும் போடலை. வீட்டுல அம்மா என்னைத் திட்டுவான்னு பாத்தேன், அழுதா. பிறகு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இனிமே செண்டு வாங்க வேண்டாம்"ன்னா.

ஜாமீன் வரும்வரை ஆத்திரத்தை அடக்கி, வார்டர்களிடம் மரியாதையாக நட. உன் போக்கையும் வரவையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா காமராஜ்

பின்குறிப்பு: கடைசி ஆளாகப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் என் சிலிப்பைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கத்திய வேகத்தில் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா என் விரலைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினேன், கேட்டைச் சாத்திவிட்டார்கள். இந்தத் தடவை உன் விரலிலும் மை இல்லை, என் விரலிலும் இல்லை.