நெய்தல்-7 ஏன் நின்றது?

நாளுக்குப் பதினோரு மணி நேரத்தை விளையாட்டுக்கே அர்ப்பணித்த மகான்கள் பூவுலகில் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். ராமநாதபுரத்தில், ஒரு செருப்புக்கடையின் மாடியில், 'அலைவீரன்' என்ற படகுச் சண்டை வீடியோ கேமை உலகுக்கு வழங்கிவரும் நிறுவனத்தில்.

தொண்டியைச் சேர்ந்த சூஃபியா, இயற்பியல் பட்டதாரி, அங்கே சேர்ந்து எட்டு மாதமாகிறது. வேலையின் நன்மைகள் ஏராளம். உட்கார பீன் பேக் உண்டு. அதில் அமர்ந்தவர் எளிதில் எழ முடியாது என்பதால் பணி தடைபடுவதில்லை. ஓவர்டைம் என்ற கொச்சையான பேச்சே கிடையாது. "விளையாடுறதுக்கு யாராச்சும் கூலி கேப்பாகளாம்மா?" என்று முதலாளி மாரிச்செல்வம் மனம் நொந்து கேட்டிருக்கிறார். விடுப்புக்கு 'உயிர்' என்று பெயர். ஆண்டுக்கு மூன்று உயிர். பெருநாளுக்கு ஒன்றும் காய்ச்சலுக்கு ஒன்றும் போக, சூஃபியா ஒற்றை உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாள்.

தீமை ஒன்றே ஒன்று. என்ன வேலை செய்கிறாள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும். வீட்டில், "கம்ப்யூட்டரப் பாத்துக்கிற வேலை உம்மா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

நிறுவனத்தின் பெருமையே 'நெய்தல்' என்ற செயற்கை நுண்ணறிவுதான். பணம் கட்டி ஆடுபவர்களை எதிர்த்து அதுதான் படகோட்டும். 'மனிதக் கை படாத மூளை!' என்பது விளம்பரம். நெய்தல்-1 முதல் நெய்தல்-7 வரை ஏழு மூளைகள். அலுவலகத்தில் ஏழு பெண்கள்.

ஒருநாள் அவசரக் கூட்டம்.

"நெய்தல்-7 தெனம் சாயங்காலம் ரெண்டு மூணு நிமிசம் அப்படியே நின்னுருதாம். ஏம்மா நிக்குது?"

சூஃபியா தலை குனிந்துகொண்டாள். மாரிச்செல்வம் அவளைப் பார்த்தார். மறுநாளே உலகுக்கு அறிவிப்பு வந்தது: 'நெய்தல்-7 தற்போது ஆழ்ந்து சிந்திக்கத் தொடங்கியுள்ளது.' கட்டணமும் கூடியது.

பிறகு அலுவலகத்தில் ஏசி பழுதானது. கம்ப்யூட்டர்களின் உடல்நலம் கருதி, அவற்றை ஊழியர்களோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அன்று மாலை சூஃபியா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு 'பணி'யில் இருந்தாள். கூடத்தில் உம்மா ரம்ஜான் பீவியின் போனில், துபாயிலிருந்து வீடியோ காலில் அவளுடைய அண்ணன், காக்கா ஜாபர் சாதிக். வீட்டுக்கு மூத்த பிள்ளை.

"உம்மா, நாளைக்கு வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வாரேன்."

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒன் சம்பாத்தியத்துலதான் இங்கன அடுப்பெரியுது."

"இனிமே கேம்தான் உம்மா என் தொழிலு. அலைவீரன்ல அந்த நெய்தல்-7ஐ நூறு தடவ ஜெயிச்சிருக்கேன். கம்ப்யூட்டரே தோக்குது, மனுசப்பய எம்மாத்திரம்? தொண்டிப்புலின்னா அங்க அத்தன பேருக்கும் தெரியும். இந்தா, இப்பவும் ஆடிக்கிட்டுத்தான் பேசுறேன்."

உள்ளறையில் சூஃபியாவின் முன்னிருந்த திரையில், எதிர்ப் படகின் பெயர் மின்னியது: தொண்டிப்புலி.

அவள் அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை படித்தாள். அதற்குள் தெருப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு ஒலித்தது. பாங்கு சொன்னால் முக்காட்டை இழுத்துவிட்டு, செய்கிற வேலையை அப்படியே நிறுத்துவது அந்த வீட்டுப் பழக்கம். கூடத்தில் உம்மா நிறுத்தினார். உள்ளே மகளும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாங்கு முடிந்தது.

"உம்மா," ஜாபர் கூவினான். "அங்கன பாங்கு சொன்னாக. இங்கன கம்ப்யூட்டரு நின்னுருச்சு!"

"யா அல்லாஹ்! அதுக்கும் அல்லாஹ் மேல ஈமான் இருக்கா வாப்பா?"

"சிந்திக்குதாம் உம்மா. என்னைய எப்படி ஜெயிக்கிறதுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டு சிந்திக்குது. இதவிட என்ன வேணும்? இப்பவே மேனேசருக்கு எழுதி அனுப்பிர்றேன்."

சூஃபியா கதவைத் திறந்தாள். எட்டு மாதத்தில் முதன்முறையாக வேலை நேரத்தில் எழுந்து நடந்தாள். உம்மாவிடமிருந்து போனை வாங்கி, அதன் முன்னால் தன் வலது கையை விரித்துக் காட்டினாள்.

"காக்கா, மனுசக் கை படாத மூளைன்னு போட்டிருந்தாகள்ல? இந்தா, கை. நான்தான் நெய்தல்-7. நீங்க கட்டுற காசுலதான் எனக்குச் சம்பளம், ஒங்ககிட்டத் தோக்குறதுக்கு."