பத்துக்கு ஜீரோ வாங்கிய மாப்பிள்ளை

அரைகுறையாகத் தெரிந்தவள் கையில் செட்டிங்ஸ் பக்கம் கிடைத்தால் வீடு தாங்காது. என் கல்யாணத்தை நானே நிறுத்தப் பார்த்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்போது அரிமளத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். இணையப் பாதுகாப்பு பற்றி எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். (மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஐந்து மணி நேரம். அதற்குள் நிபுணராகிவிட்டேன்.) முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்' என்று தொடங்கினால் பாதுகாப்பான தளம், அந்தக் கடைசி 'எஸ்' இல்லாவிட்டால் பாதுகாப்பற்றது. அப்படிப்பட்ட தளங்களில் ஸ்கிரிப்ட் எனப்படும் குட்டி நிரல்களை ஓடவிடாமல் பிரவுசரிலேயே தடுக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். 'எஸ்' உள்ளவற்றுக்கு அனுமதி, இல்லாதவை அத்தனைக்கும் தடை. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்பாவுக்கு உரக்கடை. சொந்தபந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது அவர்தான், ஒரு பழைய இணையதளத்தில். இருவரின் ராசி நட்சத்திரத்தைக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினால் பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிடும். அந்தத் தளத்துக்கு 'எஸ்' கிடையாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்த வாரம் எனக்கே ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜெகதாப்பட்டினத்தில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் பிளான்டில் மேனேஜர். அவரை முன்பே பார்த்திருக்கிறேன். அத்தை மகள் கல்யாணப் பந்தியில் கேட்காமலே எனக்கு இரண்டு முறை ரசம் ஊற்றினார். எனக்கு ரசமே பிடிக்காது. இரண்டையும் குடித்தேன். அவர் வீட்டிலிருந்து ஜாதகம் வந்திருக்கிறது என்று அம்மா சொன்னபோது உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். வெளியே, "பாக்கலாம்மா" என்றேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தால் அப்பாவின் முகம் தொங்கிக் கிடந்தது.

"ஒண்ணுமே சேரலத்தா. பத்துக்கு ஜீரோ. இப்புடி ஒரு சாதகத்த நான் பாத்ததே இல்ல. வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். முகவரிக்கு முன்னால் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை. ஓரத்தில் ஸ்கிரிப்ட் தடுக்கப்பட்டதற்கான குறி. கணக்குப் போடும் ஸ்கிரிப்டை நான் ஓடவிடாததால், முடிவுக் கட்டத்தில் ஆரம்பத்திலேயே இருக்கும் ஜீரோ அப்படியே நின்றிருக்கிறது. அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்து மறுபடி அமுக்கினேன். எட்டு!

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் அமுக்குனா ஜீரோ, நீ அமுக்குனா எட்டா? என்னத்தா பண்ணுன?"

ஸ்கிரிப்ட், தடை என்று நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. (உண்மையைச் சொல்லும்போதுதான் நான் திருடி மாதிரி முழிப்பேன்.) கடைசியில் தடையைத் திரும்பப் போட்டுவிட்டு, "ஒங்க நட்சத்திரத்தயும் அம்மா நட்சத்திரத்தயும் போடுங்கப்பா" என்றேன். போட்டார். பத்துக்கு ஜீரோ.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அது சரியாத்தான சொல்லுது" என்றாள்.

தடையை எடுத்தேன். ஏழு வந்தது. அப்பாவுக்கு மெல்ல விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. "அப்ப இந்த மாப்பிள்ளய ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் விளக்கம் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன்.

வேண்டாம் என்று சொன்ன இடத்தில் திரும்பப் போய்ப் பேசுவது அப்பாவுக்கு மானப் பிரச்சினை. இருந்தும் எனக்காகப் போனை எடுத்தார். "தப்பு எங்க மேலதாங்க. எம் மக பாதுகாப்புக்குன்னு கம்ப்யூட்டர்ல எதையோ அடச்சு வச்சிருச்சு. இப்பத் தெறந்து விட்டுருச்சு, எட்டு வருதுங்க." அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா சிரித்த சிரிப்பு, ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர் மீன் வாடையோடு நடு வீடு வரை வருவதற்கும், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கும் நான் சண்டை பிடிக்காத நாள் இல்லை. அவர் அலட்டிக்கொள்வதே இல்லை. என் அப்பா, அம்மா இருவர் முன்னாலேயும் என்னைக் கேட்கிறார்:

"பாதுகாப்பற்றதுன்னு அம்புட்டுப் பெருசா எழுதியிருந்துச்சுல்ல? அப்பறமும் அனுமதிய அமுக்குனது யாரு?"