நேத்துக்காரர் வாயைத் திறந்தார்

நாமக்கல் ஜில்லாவிலேயே நாளைக்குப் பொழுது விடியும் என்றுகூடச் சொல்லத் துணியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் முட்டை ஆபீசில் லோடு அனுப்பிய நேத்துக்காரர்தான்.

டிரைவர் கேட்பான்: "ஏனுங்கண்ணா, வண்டி எப்பக் கெளம்பும்?"

"நேத்து ஆறு மணிக்குக் கெளம்புச்சு. முந்தாநேத்தும் ஆறு மணி. மிச்சத்த நீயே பாத்துக்க சாமி."

எங்கள் பக்கத்தில் "வருவேன்" என்று வாக்குக் கொடுக்காமல், "நாளைக்கு வாரேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லித் தப்பிக்கலாம். அவர் அதையும் நம்பவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு வருவாரா என்று வீட்டம்மா போனில் கேட்டால், "நேத்து தின்னேனல்ல?" என்பார். அந்த அம்மாவும் உலை வைத்துவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒருமுறை "விலை ஏறும்" என்றாராம், இறங்கியது. "மழை பெய்யாது" என்றாராம். தீவன மூட்டைகள் மிதந்தன. அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

வந்தது வினை. மகளைப் பெண் கேட்டு ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்தார்கள். தறிக்காரப் பையன். மகளுக்கு அவன்மேல் உயிர். துணைக்கு நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணக் குடுப்பீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

நேத்துக்காரருக்கு வியர்த்தது. "எங்கக்காவக் குடுத்தாங்க. எங்கத்தையவும் குடுத்தாங்க."

"அவங்கள நாங்க கேக்கலீங்களே!"

நேத்துக்காரர் பலமாகத் தலையை ஆட்டினார்.

"தலையாட்டுனாப் பத்தாதுங்க, வாய்ச்சொல்லு வேணும். இல்லீன்னா நாங்க பொறப்படறோம்."

பெரியப்பா வேட்டியை உதறி எழுந்தார். பையன் முகம் செத்துவிட்டது. சமையலறை வாசலில் மகள், "அப்பா!" என்றாள். அவ்வளவுதான்.

"குடுப்பேன்!" என்று கத்தினார் நேத்துக்காரர்.

அணை உடைந்துவிட்டது. "குடுப்பேன்! தெரு அடைக்கப் பந்தல் போடுவேன்! நீங்கெல்லாம் வருவீங்க, மூணு பந்தி உக்காருவீங்க! பேரன் பொறப்பான், மொட்டையடிப்பேன், மடியில வெச்சுக் காது குத்துவேன், கத்துவான்! பள்ளிக்கூடத்துல சேப்பேன், ஓடியாந்துருவான்..."

"சம்பந்தி, போதுங்க! பொண்ணு இன்னும் காப்பியே குடுக்கலீங்க!"

எல்லோரும் சிரிக்கிற சத்தத்தில் அவர் மெல்ல நழுவி வாசலுக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இத்தனையச் சொல்லிப்போட்டேனே. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"நல்லா இருப்பாங்கண்ணா" என்றேன். உள்ளேயிருந்து காப்பிக்குக் கூப்பிடுகிறவரை அந்தக் கையை நான் விடவில்லை.