வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட நெட்வொர்க்

திருமணப் பதிவு அலுவலகத்தின் கோப்புகள் அத்தனையும் மேல்மாடி சர்வரில் ஒரே ஃபோல்டரில் குடியிருந்தன. காலையில் எந்தக் கணினியைத் திறந்தாலும், அந்தப் பொது ஃபோல்டர் கூப்பிடாமலே வந்து திரையில் உட்கார்ந்துகொள்ளும். அந்த அலுவலகத்தில் நேரத்துக்கு வந்தது அது ஒன்றுதான்.

மேலிடத்துக்குப் பொறுக்குமா? மென்பொருளை மேம்படுத்தினார்கள். 'அதிவேக சேவைத் திட்டம்' என்று பெயர் சூட்டி, பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார். மறுநாள் ஃபோல்டர் வரவில்லை.

கணினிகளைப் பார்த்துக்கொள்பவனை அலுவலகமே 'ஒயர்' என்றுதான் கூப்பிடும். அவன் மேஜைக்கு அடியில் புகுந்து, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தான். அவனுக்கு மற்றவர்களைவிட அவசரம். கல்யாணம் ஆகியும் அவன் நண்பர்களோடு ஓர் அறையில். மனைவி அவள் சித்தி வீட்டில். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வீடு தரமாட்டேன் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

"சார், மேம்படுத்தினதிலிருந்து கம்ப்யூட்டர் துள்ளிக் குதிச்சு எழுந்திருக்குது. நெட்வொர்க் கண்ணைக் கசக்கிட்டு வர்றதுக்குள்ள சர்வர் கதவைத் தட்டிட்டு, பதில் இல்லைன்னு கோவிச்சுட்டு வந்துடுது. 'நெட்வொர்க் வர்ற வரைக்கும் பொறு'ன்னு ஒரு வரி சேர்த்தா போதும்."

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பொறுக்கச் சொல்றதா? நேத்துதான் அதிவேகம்னு ரிப்பன் வெட்டினோம். வெட்டின கைக்கு என்ன மரியாதை?"

"அப்ப நானே கையால இணைச்சு விடட்டுமா?"

"தானாக இணைய வேண்டியதைக் கையால் இணைப்பது விதிமீறல். தாமதமா வர்றது யாரு?"

"நெட்வொர்க், சார்."

"தாமதமா வந்தா என்ன பண்ணுவோம்?"

"மெமோ..." என்ற ஒயர் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்?

சுவரில் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்த நெட்வொர்க் பெட்டிக்கு முறைப்படி மெமோ தரப்பட்டது. அதற்குப் படிக்கத் தெரியாது என்பதால், இயற்கை நீதியை முன்னிட்டுத் தலைமை எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். பெட்டி வாய் திறக்கவில்லை. மாறாக, விசாரணை நடக்கும்போதே பெண் ஊழியர்களைப் பார்த்துக் கண் சிமிட்டியதாக இரண்டாவது குற்றச்சாட்டும் சேர்ந்தது. சாயங்காலம் பெட்டியை வேலையிலிருந்து நிறுத்தி, அதன் மின்கம்பியைப் பிடுங்கினார்கள். நிறுத்தி வைத்த காலத்துக்குப் பாதிச் சம்பளம் உண்டல்லவா? அதனால் பாதி மின்சாரம் தரலாமா என்று கணக்குப் பிரிவிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு காகிதமும் அசையவில்லை. புதுத் தம்பதிகள் கூடம் கொள்ளாமல் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக முறைக்கத் தொடங்கினார்கள்.

தையல்கடை நடத்தும் ஒயரின் மனைவி நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"ஏங்க, அந்தப் பெட்டியை எடுத்து மாட்டினா என்ன?"

"விசாரணை நிலுவையில இருக்கு."

"பொறுன்னு சொன்னாத்தானே உங்க சாருக்குக் கோபம்? பேரை மாத்துங்க. நான் துணியைத் தொடாமலே வச்சிருந்தாலும் 'தைக்கல'ன்னா சொல்றேன்? 'துணி பதமாகுது'ம்பேன். கேக்கிறவங்களும் தலையாட்டிட்டுப் போவாங்க."

ஒயர் ஓடினான். "சார், 'வேக முன்னேற்பாடு'ன்னு ஒண்ணு இருக்கு. வேகத்துக்கு முன்னாடி வர்ற வேகம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" பெரிய அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெட்டி கடும் எச்சரிக்கையுடன் மீண்டும் வேலையில் சேர்க்கப்பட்டது. ஒயர் அந்த ஒரு வரியைத் தட்டினான். கணினி எழுந்தது, பொறுத்தது, நெட்வொர்க் வந்தது. ஃபோல்டர் பழையபடி திரையில் வந்து உட்கார்ந்தது. கூடமே கைதட்டியது. சான்றிதழ்கள் சுடச்சுட அச்சாகிப் பறந்தன.

முதல் சான்றிதழோடு ஒயரும் மனைவியும் மூச்சிரைக்க வீட்டுக்காரரிடம் போனார்கள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"விண்ணப்பம் எப்ப எழுதிக் கொடுத்தீங்க?"

"காலைலதாங்க."

"எத்தனை நடை நடந்தீங்க?"

"ஒரே நடைதான்!" என்றாள் அவள் பெருமையாக.

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "வீட்டு வரி ரசீதுக்கு நடந்தே என் செருப்பு தேஞ்சு போச்சு. நடக்காம வந்த காகிதம் எப்படிம்மா அசலாகும்? யார்கிட்ட போலியை நீட்டுறீங்க?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினால், அலுவலக வாசலில் திருவிழாக் கூட்டம். சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அதைத் திருப்பிக் கொடுக்க நின்றார்கள். மாமனார் நம்பவில்லை என்றார் ஒருவர். வங்கியில் சிரித்தார்கள் என்றார் இன்னொருவர். "சார், கொஞ்சம் முறையா அலைய விடுங்க சார்!" என்று ஒரு மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான்.

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடச் சேவையில் பொதுமக்கள் அவரைப் புரிந்துகொண்டது அன்றுதான். ஒயரைக் கூப்பிட்டுக் கண்ணைக் காட்டினார். ஒயரும் மறுபேச்சில்லாமல் அந்த ஒரு வரியை அழித்தான். ஃபோல்டர் மறைந்தது. கூடம் நிம்மதியாக மூச்சு விட்டது.

அவன் மனைவியும் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தாள். ஒயர் அவளை நிமிர்ந்தே பார்க்காமல், "சர்வர் வேலை செய்யல. போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றான்.

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அப்பாடா! இப்பத்தாங்க நமக்கு நிஜமாவே கல்யாணம் ஆன மாதிரி இருக்கு."